ஒரு செக் நோட்டீஸ், அதுக்குப் பின்னாடி ஆறு வேலை: சின்ன வக்கீல் ஆபீஸ்ல ஒரு நிகழ்வு ஆய்வு

இது எங்க ஆபீஸ்ல முடிஞ்ச ஒரு கேஸ் கட்டு. டெல்டா பக்கம் ஒரு தாலுகா டவுன், சீனியர், நான், ஒரு ஜூனியர், ஒரு குமாஸ்தா, அவ்ளோதான் ஆபீஸ். சம்பந்தப்பட்டவங்ககிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன், ஆளு அடையாளம் தெரியக்கூடாதுனு ஊரையும் சில சின்ன விவரங்களையும் மாத்தியிருக்கேன். எங்க பக்கம் நடந்த தப்பு எதையும் மாத்தல, ஏன்னா இத எழுதுறதே அதுக்காகத்தான்.

பின்னணி

எங்கள மாதிரி சின்ன ஆபீஸுக்கு இன்ன கேஸ்தான்னு கிடையாது. சொத்து பாகப்பிரிவினை, விபத்து இழப்பீடு, செக் பவுன்ஸ், டைவர்ஸ், ஜீவனாம்சம், ஜாமீன், வாடகைத் தகராறு, பத்திரம் எழுதுறது, பட்டா மாறுதலுக்கு மனுனு எல்லாம் ஒரே டேபிள்ல நடக்கும். இன்ன கேஸ்ல ஸ்பெஷலிஸ்ட்னு வாசல் போர்டுல போடவும் பார் கவுன்சில் விதி இடம் கொடுக்காது, அதனால வர்றவங்க கையில இருக்க ஒரு பேப்பர வச்சுதான் "இவங்க செக் கேஸ்", "இவங்க நிலக் கேஸ்"னு நாங்களா ஒரு பேர் வச்சுக்கிறோம், கட்டு மேலயும் அதையே எழுதிடுறோம். இந்தக் குடும்பத்துல அந்தப் பழக்கம் எங்கள எங்க கொண்டு போய் விடப் பாத்துச்சுங்கறதுதான் விஷயம்.

வந்தவங்களுக்கு 33 வயசு. வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டுற வேலை, கூட ரெண்டு மூணு பேர வச்சுகிட்டு வீட்டு வேலைய மொத்தமா பேசி எடுத்து செய்வாரு. 2023 ஆகஸ்ட் 9ம் தேதி சாயங்காலம் வேலை முடிஞ்சு பைக்ல வரும்போது பின்னாடி வந்த சரக்கு வேன் மோதி, பெரியாஸ்பத்திரிக்கு கொண்டு போற வழியிலயே இறந்துட்டாரு. அப்ப அவருக்கு 38 வயசு. பொண்ணுக்கு 11 வயசு, பையனுக்கு 7. கூட அவரோட அம்மா, 62 வயசு. அவர் பேர்ல மூணு சென்ட் மனை, அதுல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீடு.

முதல் நாள்

2024 ஜனவரி 18, வியாழக்கிழமை. பொங்கல் லீவு முடிஞ்சு ஆபீஸ் திறந்த நாள். அந்தம்மா தன்னோட அண்ணனோட வந்தாங்க, கையில ஒரு வக்கீல் நோட்டீஸ். ஒரு பைனான்ஸ்காரர் அனுப்பினது. இவங்க வீட்டுக்காரர் 4,80,000 ரூபாய்க்கு செக் கொடுத்தாரு, அது திரும்பிடுச்சு, 15 நாளுக்குள்ள கட்டலன்னா மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ம் பிரிவுல கிரிமினல் கேஸ் போடுவோம்னு இருந்துச்சு. நோட்டீஸ் வந்து நாலு வாரம் ஆயிடுச்சு, ஜெயிலுக்குப் போயிருவோமோ புள்ளைங்கள யாரு பாப்பாங்கனு அந்தம்மா நாலு வாரமா சரியா தூங்கலனு முகத்தப் பாத்தாலே தெரிஞ்சுது.

நோட்டீஸ படிச்சதும் சீனியர் கேட்டது ஒண்ணுதான், செக்ல என்ன தேதி. 2023 நவம்பர் 20. இறந்தது ஆகஸ்ட்ல. அதாவது செத்து மூணு மாசம் கழிச்சு அவர் செக் கொடுத்திருக்காருனு நோட்டீஸே சொல்லுது. பேங்க் ரிட்டர்ன் மெமோ காப்பியும் கூட வச்சிருந்தாங்க, அதுல கணக்குதாரர் இறந்துட்டாருங்கறதுதான் காரணம்.

இதோட ஒரு பதில் நோட்டீஸ் கொடுத்து அனுப்பியிருந்தா அன்னைக்கு அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சிருக்கும், பல நாள் நாங்க அப்படித்தான் பண்ணியிருக்கோம். அன்னைக்கு அப்படி ஆகாததுக்குக் காரணம் கிளம்பும்போது அந்தம்மா கேட்ட ஒரு கேள்வி: "சார், நாளைக்கு அந்த பைனான்ஸ்காரர் வீட்டுக்கு வர்றேன்னாரு, என் பேர்ல புதுசா புரோநோட்டு எழுதிக் கொடுத்தா இந்த கேஸ விட்டுர்றேன்னு சொல்றாரு, போட்டுரட்டுமா?"

எழுதின புரோநோட்டு பைக்குள்ளயே இருந்துச்சு. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, தொகை எல்லாம் நிரப்பி, கையெழுத்து இடம் மட்டும் காலி. அண்ணன் வெளியூர் போயிருந்ததாலதான் அதுவரைக்கும் போடாம வச்சிருந்தாங்க.

செக்கு கொடுத்தவர் இறந்துட்டா 138ல அவரோட பொண்டாட்டி புள்ளைங்க மேல கிரிமினல் கேஸ் வராது. குற்றப்பொறுப்பு வாரிசுக்கு இறங்காது. கடன் உண்மையா இருந்தா சிவில் கோர்ட்ல வாரிசுங்க மேல வழக்கு போடலாம், ஆனா இறந்தவர் விட்டுட்டுப் போன சொத்து எவ்ளோ இவங்க கைக்கு வந்துச்சோ அந்த அளவுக்குத்தான் வசூல் பண்ண முடியும், இவங்க சொந்தக் காசுல கை வைக்க முடியாது. புது புரோநோட்டுல கையெழுத்து விழுந்துட்டா இந்தப் பாதுகாப்பு பூராவும் போயிடும். இறந்தவர் கடன் அன்னையோட இவங்க சொந்தக் கடனா மாறிடும், அதுவும் 4,80,000க்கு.

அன்னைக்கு நாங்க சொன்னதுலயே முக்கியமான வார்த்தை, எதுலயும் கையெழுத்து போடாதீங்க, வர்றவர எங்க ஆபீஸுக்கு வரச் சொல்லுங்க.

பையில இருந்தது

அதுக்கப்புறம்தான் சீனியர், வீட்ல இருக்க எல்லா பேப்பரையும் எடுத்துட்டு வாங்கம்மா, தேவையானது எது தேவையில்லாதது எதுனு நீங்க பிரிக்காதீங்கனு சொன்னாரு. மறுநாள் ஒரு மஞ்சப்பை நிறைய வந்துச்சு. எஃப்ஐஆர் காப்பி, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், இறப்புச் சான்று, வீட்டுப் பத்திரம், பேங்க் பாஸ்புக், பைக் ஆர்சி, ரேஷன் கார்டு, அவரோட ரெண்டு பாக்கெட் டைரி, வாரிசு சான்றிதழ் மனு நிராகரிச்ச பேப்பர் ஒண்ணு.

விபத்து இழப்பீட்டு மனு போட்டாச்சானு கேட்டோம். "போலீஸ்ல கேஸ் நடக்குதுல்ல, அது முடிஞ்சப்புறம்தான் அத போடணும்னு சொன்னாங்க"னு அண்ணன் சொன்னாரு. யார் சொன்னதுனு அவருக்கே ஞாபகம் இல்ல. போலீஸ் கேஸ் முடியற வரைக்கும் காத்திருக்கணும்னு எந்தச் சட்டமும் சொல்லல.

இதுல வக்கீல்களுக்கே ஒரு சறுக்கல் இருக்கு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாச கெடு இருந்துச்சு, 1994ல அத எடுத்துட்டாங்க, அதுக்கப்புறம் 27 வருஷத்துக்கு மேல கெடுவே கிடையாது, மூணு வருஷம் நாலு வருஷம் கழிச்சுகூட மனு போட்டு வாங்கியிருக்காங்க. 2019 திருத்தம் 2022 ஏப்ரல் 1ல அமலுக்கு வந்தப்ப ஆறு மாச கெடு திரும்பி வந்துடுச்சு. பழைய பழக்கத்துல "அது ஆற அமர போட்டுக்கலாம்"னு சொல்றவங்க இன்னைக்கும் இருக்காங்க. போலீஸ் அனுப்புற விபத்து அறிக்கையவே ட்ரிப்யூனல், அதாவது இழப்பீட்டு மனுவ விசாரிக்கற கோர்ட், மனுவா எடுத்துக்கலாம்னும் சட்டத்துல இருக்கு, ஆனா அது போயிருக்கும்னு நம்பி ஒரு விதவையோட மொத்த எதிர்காலத்தையும் விட்டுவைக்க முடியாது.

ஆகஸ்ட் 9ல இருந்து எண்ணினா பிப்ரவரி 9. அவங்க வந்த அன்னைக்கு மீதி இருந்தது 22 நாள்.

அதாவது அவங்க பயந்துகிட்டு இருந்த கேஸ் சட்டப்படி நிக்கவே நிக்காது, அவங்களுக்கு உரிமையுள்ள பெரிய தொகைக்கான கெடு சத்தமில்லாம ஓடிகிட்டு இருந்துச்சு. அந்த நோட்டீஸ் வரலன்னா அவங்க வக்கீல் ஆபீஸ் படியே ஏறியிருக்க மாட்டாங்க.

கேஸ் வகைப்படி பிரிக்காம எது முதல்ல காலாவதி ஆகுமோ அதுபடி ஒரு தாள்ல எழுதினோம். புரோநோட்டு, அதுக்கு இன்னைக்கே பதில். விபத்து மனு, பிப்ரவரி 9க்குள்ள. பேங்க் இன்சூரன்ஸ் இருக்கானு பாக்குறது, உடனே. நோட்டீஸுக்கு பதில், இந்த வாரம். வாரிசு சான்று, எல்லாத்துக்கும் தேவை, ஆனா மனு போடுறதுக்கு அது வர்ற வரைக்கும் நிக்க வேண்டியதில்ல. மனை பட்டா, கடைசி.

வாரிசு சான்றிதழும் நாங்க பண்ண தப்பும்

அண்ணன் 2023 அக்டோபர்லயே இ-சேவை மையத்துல வாரிசு சான்றுக்கு விண்ணப்பிச்சிருந்தாரு. வாரிசுனு பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்கனு மூணு பேர மட்டும் போட்டிருக்காரு. விஏஓ விசாரணைக்கு வந்தப்ப இறந்தவரோட அம்மா உயிரோட இருக்காங்கனு தெரிஞ்சு டிசம்பர்ல மனுவ நிராகரிச்சுட்டாங்க.

நம்ம ஊர்ல ரொம்ப பேருக்கு இது தெரியறதில்ல. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956படி ஒரு ஆண் உயில் எழுதாம இறந்தா மனைவி, மகன், மகளோட சேர்த்து அம்மாவும் முதல் வகுப்பு வாரிசு, நாலு பேருக்கும் சமபங்கு. அப்பா இரண்டாம் வகுப்புதான். "கல்யாணம் ஆயிட்டா பொண்டாட்டி புள்ளைங்கதான் வாரிசு"னு ஊர்ல பேசிக்கிறது தப்பு.

அண்ணன் கெட்ட எண்ணத்துல பண்ணலனு நான் நம்புறேன். ஆனா இறந்தவரோட அம்மாவுக்கு (இனிமே பெரியம்மானே சொல்றேன்) விஷயம் தெரிஞ்சது விஏஓ வாசல்ல வந்து "உங்க பேரே இதுல இல்லையேம்மா"னு கேட்டப்பதான். புள்ள செத்து நாலு மாசம். அன்னையில இருந்து ஒரே வீட்ல மாமியாரும் மருமகளும் தனித்தனி அடுப்பு.

எங்க தப்பு இங்கதான். அண்ணன் வந்து, "பெரியம்மா விட்டுக்கொடுத்துருவாங்க வக்கீல் சார், ஒரு விடுதலைப் பத்திரம் அடிச்சுருங்க, எல்லாம் சுலபமா போயிரும்"னு சொன்னாரு. நாங்க 22 நாள் கெடுவ பாத்து ஓடிகிட்டு இருந்தோம், ஜூனியர் டிராஃப்ட் அடிச்சாரு, நான் படிச்சுப் பாத்து சரினு சொன்னேன். சம்பந்தப்பட்டவங்ககிட்ட ஒரு வார்த்த பேசாமலே அவங்க உரிமைய எழுதி வாங்குற பத்திரம் எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல தயாராயிடுச்சு.

ஜனவரி 24ம் தேதி பெரியம்மாவ கூட்டிட்டு வந்தாங்க. எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க, கண்ணாடியப் போட்டு மெதுவா ரெண்டு பக்கமும் படிச்சாங்க. படிச்சுட்டு என்னப் பாத்து, "தம்பி, இதுல கையெழுத்து போட்டா எம்புள்ளைக்கு நான் யாருமில்லேனு ஆயிருமா?"னு கேட்டாங்க.

எனக்கு பதில் சொல்ல வரல. சீனியர் உள்ள இருந்து வந்து பேப்பர வாங்கி மடிச்சு வச்சுட்டு, "இது தேவையில்லம்மா, நாங்க உங்ககிட்ட கேக்காம அடிச்சது தப்பு"னு சொன்னாரு. பெரியம்மா அப்பதான் அழுதாங்க. மருமக பக்கத்துல போய் உக்காந்து, "அத்தை, இப்படி ஒரு பேப்பர் இருக்குனு எனக்கே தெரியாது"னு சொன்னாங்க, அது உண்மைதான், அண்ணன் அவங்ககிட்டயும் முழுசா சொல்லல.

மறுநாளே நாலு பேர் பேரோட வாரிசு சான்றுக்கு புதுசா விண்ணப்பிச்சோம். மார்ச் மாசம் வந்துச்சு.

ஒரே வக்கீல் ரெண்டு பேருக்குமா

இத ஆபீஸ்ல ரெண்டு நாள் பேசினோம். விபத்து மனுவ பொறுத்தவரைக்கும் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே எதிராளி, வேன் ஓனரும் இன்சூரன்ஸ் கம்பெனியும். தொகை கூடினா எல்லாருக்கும் நல்லது. ஆனா வந்த தொகைய பிரிக்கிற இடத்துல ஒருத்தர் பங்கு கூடினா இன்னொருத்தர் பங்கு குறையும், வீட்டு விஷயத்துலயும் அப்படித்தான். பல ஆபீஸ்ல மாமியார எதிர்மனுதாரரா போட்டுட்டு போயிடுவாங்க, சட்டப்படி அதுல குறை ஒண்ணும் இல்ல. ஆனா அன்னைக்கு அந்த ரூம்ல நடந்தத பாத்தப்புறம் அந்தப் பெரியம்மாவுக்கு கோர்ட் சம்மன் போறத நெனச்சுக்கூட பாக்க முடியல.

முடிவு பண்ணது இதுதான். விபத்து மனுவுல நாலு பேரும் மனுதாரர், பெரியம்மா நாலாவது மனுதாரரா நம்ம வக்காலத்துலயே கையெழுத்து. தொகைய பிரிக்கறதுல நாங்க யாருக்காகவும் வாதாட மாட்டோம்னு ஒரு தாள்ல தமிழ்ல எழுதி, வாசிச்சுக் காட்டி, ரெண்டு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கினோம். வீட்டு பாகம் பத்தி பெரியம்மாவுக்கு யோசனை வேணும்னா கோர்ட் வளாகத்துலயே வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கு, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்ளோ இருந்தாலும் இலவச வக்கீல் கிடைக்கும், 1987 சட்டத்துலயே அது இருக்குனு சொல்லி நானே கூட்டிட்டுப் போய் அறிமுகப்படுத்தினேன். அங்க ஒரு பேனல் வக்கீல்கிட்ட அவங்க ரெண்டு தடவை தனியா பேசினாங்க.

இது சரியா தப்பானு கோர்ட்ல சில நண்பர்கள்கிட்ட இன்னைக்கும் கருத்து வேறுபாடு இருக்கு. ரெண்டு பேருக்கும் தனித்தனி வக்கீல்தான் சுத்தமான வழினு சொல்றவங்க சொல்றதுல நியாயம் இருக்கு. நடுவுல சண்டை வந்திருந்தா ரெண்டு பேரையுமே விட்டு விலகியிருக்கணும், அத அந்தத் தாள்லயே எழுதியிருந்தோம்.

விபத்து மனு

பிப்ரவரி 2ம் தேதி சார்பு நீதிமன்றத்துல மனு தாக்கல் ஆச்சு. வாரிசு சான்று வரலங்கறதால விண்ணப்பிச்ச ரசீத வச்சோம்.

சிக்கல் வருமானம்தான். டைல்ஸ் வேலைக்கு சம்பள ரசீது எங்க இருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனி மாசம் 10,000தான்னு சொல்லுச்சு, நாங்க 25,000னு கேட்டோம். அந்த ரெண்டு பாக்கெட் டைரிலயும் யார் வீடு, எத்தன சதுர அடி, என்ன ரேட், எவ்ளோ வந்துச்சுனு அவர் கையெழுத்துலயே இருந்துச்சு. கூடவே பேங்க்ல ஸ்டேட்மென்ட் எடுத்தா, வீட்டு ஓனர்ங்க போன்ல அனுப்பின பணம் தேதியோட வந்திருக்கு, டைரில இருக்க தேதியும் அதுவும் பல இடத்துல பொருந்துச்சு. ஜூனியர் மூணு நாள் உக்காந்து ஒவ்வொரு வரியா ரெண்டையும் ஒப்பிட்டு ஒரு பட்டியல் தயார் பண்ணாரு, இந்த வழக்குல தொகைய தூக்கி நிறுத்தினது அந்தப் பட்டியல்தான்னு நான் சொல்லுவேன். ஒரு வீட்டு ஓனரும் டைல்ஸ் கடைக்காரரும் சாட்சிக்கும் வந்தாங்க.

கணக்கு எப்படி வருதுனு குடும்பத்துக்கு சீனியர் போர்டுல எழுதிக் காட்டினாரு, அதே கணக்க இங்கயும் போடுறேன், ஏன்னா ரொம்ப குடும்பங்களுக்கு இது தெரியாமலே புரோக்கர் சொல்ற தொகைக்கு தலையாட்டிடுறாங்க. மாசம் 15,000னு கோர்ட் எடுத்துக்கும்னு வைங்க. 40 வயசுக்குக் கீழ, சொந்தத் தொழில், அதனால வருங்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டணும், இது சுப்ரீம் கோர்ட் 2017ல பிரணய் சேத்தி வழக்குல சொன்னது. 21,000 ஆச்சு. நம்பியிருக்கவங்க நாலு பேருங்கறதால அவரோட சொந்தச் செலவுக்கு நாலுல ஒரு பங்க கழிச்சா 15,750. வருஷத்துக்கு 1,89,000. 36ல இருந்து 40 வயசுக்கு பெருக்கற எண் 15, இது 2009 சரளா வர்மா தீர்ப்புல இருக்க அட்டவணை. பெருக்கினா 28,35,000. அதோட துணைய இழந்ததுக்கும் மகன இழந்ததுக்கும் அப்பாவ இழந்ததுக்கும் ஆளுக்கு 48,400, ஈமச்சடங்குக்கும் சொத்து இழப்புக்கும் தலா 18,150. மொத்தம் 30,64,900.

மனைவி, புள்ளைங்களோட அம்மாவையும் சேர்த்து நாலு பேர் ஆனதாலதான் கழிவு மூணுல ஒண்ணா இல்லாம நாலுல ஒண்ணா ஆச்சு. அம்மாவ விட்டிருந்தா இந்தக் கழிவுல மட்டுமே 3,15,000 குறையும். பெரியம்மாவ ஒதுக்கினா சுலபமா போயிரும்னு நெனச்ச அண்ணன் இந்தக் கணக்க பாத்து ரொம்ப நேரம் பேசாம உக்காந்திருந்தாரு.

இன்சூரன்ஸ் பக்கம், இறந்தவர் சிக்னல் போடாம வலது பக்கம் திரும்பினாரு, அவர் பேர்லயும் கவனக்குறைவு இருக்குனு வாதம். மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கைல பைக்குக்கு பின்பக்கம் நேரா அடிபட்டிருந்தது நமக்கு சாதகம். எதிர்ல இருந்த பெட்ரோல் பங்க் கேமரா பதிவு இருந்திருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும். கேட்டுப் போனப்ப ஆறு மாசம் ஆயிடுச்சு, அழிஞ்சுடுச்சு.

பாஸ்புக்ல ரெண்டு வரி

குமாஸ்தாதான் இத பாத்தாரு. 2023 மே கடைசில 436 ரூபா ஒரு தடவை, 20 ரூபா ஒரு தடவை பேங்க் தானா எடுத்திருக்கு. ரெண்டும் மத்திய அரசோட காப்பீட்டுத் திட்டம். 436 ஜீவன் ஜோதி, எந்தக் காரணத்துல இறந்தாலும் 2 லட்சம். 20 சுரக்ஷா பீமா, விபத்துல இறந்தா 2 லட்சம். குடும்பத்துல ஒருத்தருக்கும் தெரியாது, பேங்க்ல ஏதோ பிடிக்கறாங்கனு அவரே ஒருதடவை சலிச்சுகிட்டாராம். தாமதத்துக்கு விளக்கக் கடிதம், எஃப்ஐஆர், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் எல்லாம் வச்சு பிப்ரவரில கிளெய்ம் கொடுத்தோம், ஏப்ரல்ல 4 லட்சமும் வந்துச்சு.

வந்தது பெரியம்மா கணக்குக்கு. நாமினி அவங்கதான். இதுல மருமகளுக்கு என்ன உரிமைனு அண்ணன் மறுபடியும் கேட்டாரு. பேங்க் டெபாசிட்டுக்கு நாமினினா பணத்த வாங்கி வாரிசுங்களுக்கு பிரிச்சுக் கொடுக்கற ஆள்தான், ஆனா ஆயுள் காப்பீட்டுல 2015 திருத்தத்துக்கு அப்புறம் அப்பா அம்மா, கணவன் மனைவி, புள்ளைங்க நாமினியா இருந்தா அந்தப் பணத்துல அவங்களுக்கு இருக்கற உரிமை வேற மாதிரி. இத கோர்ட்டுக்கு கொண்டு போனா வருஷக்கணக்குல இழுக்கும்னு சொல்லி நாங்க அந்தப் பக்கமே போகல. பெரியம்மாவே மே மாசம் 2,50,000 மருமக கணக்குக்கு மாத்திவிட்டாங்க, யாரும் கேக்கல.

அவரோட சொந்த பைக் பாலிசிலயும் ஒரு விஷயம் இருந்துச்சு. வண்டி ஓனரே ஓட்டிகிட்டு போய் இறந்தா 15 லட்சம் தர்ற தனிநபர் விபத்து காப்பீடு. பாலிசிய தேடி எடுத்துப் பாத்தா, கடைசியா புதுப்பிச்சப்ப அந்தக் கவர் இல்லாம புதுப்பிச்சிருக்காங்க. சில நூறு ரூபா மிச்சம். யார் அப்படி புதுப்பிச்சதுனு அவர்கிட்டதான் கேக்க முடியும், அவர் இல்ல. ஒண்ணும் பண்ண முடியல.

பைனான்ஸ் நோட்டீஸ் என்ன ஆச்சு

ஜனவரி 22ல பதில் நோட்டீஸ் அனுப்பினோம். கடனே இல்லனு எழுதிடலாம்னு அண்ணன் சொன்னாரு. அந்தம்மா ஒத்துக்கல, "வாங்கினது உண்மை சார், மகளுக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் அப்ப வாங்கினாரு"னாங்க. அதனால உண்மையவே எழுதினோம். 2022 மார்ச்ல வாங்கினது 1,50,000. நூத்துக்கு அஞ்சு வட்டி, மாசம் 7,500, பதினாறு மாசம் கட்டினது 1,20,000, டைரில ஒவ்வொரு மாசமும் எழுதியிருக்கு. பாதுகாப்புக்கு கொடுத்த வெத்து செக்க இறந்தப்புறம் நிரப்பியிருக்கீங்க, கணக்கு கொடுங்க.

தமிழ்நாடு கந்துவட்டி தடைச் சட்டம் 2003ல புகார் கொடுக்கறதா வேணாமாங்கறது பெரிய பேச்சா இருந்துச்சு. கொடுக்க முகாந்திரம் இருந்துச்சு. ஆனா ஆளு அடுத்த தெரு, அதுவரைக்கும் வீட்டு வாசல்ல வந்து கத்தினதோ மிரட்டினதோ கிடையாது, அந்தம்மாவுக்கு முடிச்சுட்டா போதும்னு இருந்துச்சு. மிரட்டல் ஒரு வார்த்த வந்திருந்தாலும் எங்க யோசனை வேற மாதிரி இருந்திருக்கும். வட்ட சட்டப்பணிகள் குழுவுல வழக்குக்கு முந்தின சமரச மனு போட்டோம். வருஷத்துக்கு 12 சதவீதம்னு வச்சா பாக்கி 60,000 பக்கம்தான் வருதுனு நாங்க கணக்கு கொடுத்தோம், அவர் முழு அசலையும் கேட்டாரு. 2024 ஜூன்ல 80,000க்கு முடிஞ்சுது. பழைய புரோநோட்டையும் மீதி இருந்த இன்னொரு வெத்து செக்கையும் அங்கயே திருப்பி வாங்கினோம். அந்த இன்னொரு செக் இருக்குங்கறதே அந்தம்மாவுக்கு அன்னைக்குதான் தெரியும்.

லோக் அதாலத்

2025 செப்டம்பர்ல லோக் அதாலத்துல, அதாவது மக்கள் நீதிமன்றத்துல, இன்சூரன்ஸ் கம்பெனி சமரசத்துக்கு வந்துச்சு. முதல்ல 18 லட்சம். மூணு சுத்து பேசி வட்டியோட சேர்த்து 27 லட்சம். வேணாம்னு தீர்ப்புக்கு போயிருந்தா 30 லட்சத்துக்கு மேலயும் வந்திருக்கலாம், 20 சதவீதம் கவனக்குறைவு இவர் பேர்லனு கழிச்சா 24 லட்சத்து 50 ஆயிரம் பக்கமும் ஆகியிருக்கலாம், அதுக்கு மேல கம்பெனி ஐகோர்ட்டுக்கு அப்பீல் போனா இன்னும் சில வருஷம். லோக் அதாலத்துல முடிஞ்சா அப்பீல் கிடையாது. ரெண்டு பக்கத்தையும் சொல்லிட்டு முடிவ அவங்ககிட்டயே விட்டோம். மாமியாரும் மருமகளும் வெளிய வேப்பமரத்தடியில ஒரு மணி நேரம் பேசிட்டு வந்து சரினாங்க.

புள்ளைங்க மைனர்ங்கறதால சமரசத்துக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 32 ரூல் 7ல கோர்ட் அனுமதி வாங்கினோம். பிரிச்சது: மனைவிக்கு 10,50,000, புள்ளைங்களுக்கு தலா 6 லட்சம் தேசியமயமாக்கப்பட்ட பேங்க்ல 18 வயசு வரைக்கும் டெபாசிட், வட்டி மட்டும் அம்மா எடுத்துக்கலாம், பெரியம்மாவுக்கு 4,50,000. தன் பங்கு குறைச்சலா இருந்தா போதும்னு பெரியம்மா சொன்னப்ப, பேனல் வக்கீல்கிட்ட ஒரு தடவை கேட்டுட்டு சொல்லுங்கனு திருப்பி அனுப்பினோம், கேட்டுட்டு வந்தும் அதையேதான் சொன்னாங்க.

எங்க ஃபீஸ் முதல்லயே பேசின தொகைதான், தவணையா வாங்கினோம். இழப்பீட்டுல இத்தன சதவீதம்னு பேசுறது பார் கவுன்சில் விதிக்கு விரோதம்.

வீட்ட பிரிக்கல. நாலு பேர் பேர்ல கூட்டுப்பட்டா மட்டும் வாங்கியாச்சு. மைனர் பங்கு இருக்கறதால கோர்ட் அனுமதி இல்லாம விக்கவோ அடமானம் வைக்கவோ முடியாதுங்கறத அண்ணன்கிட்டயும் எழுத்துலயே கொடுத்துட்டோம். ஒரே அடுப்பு ஆயிடுச்சு.

ஆபீஸ்ல மாத்தினது

இப்ப கட்டு மேல கேஸ் வகைய எழுதறதில்ல, ஆள் பேரும் அடுத்த கெடு தேதியும்தான். வீட்ல ஒருத்தர் இறந்த விஷயம் பேச்சுல வந்தாலே குமாஸ்தா அஞ்சு கேள்வி கேட்பாரு: எப்படி இறந்தாங்க, என்னைக்கு, அம்மா இருக்காங்களா, பாஸ்புக் எங்க, யாராவது எதுலயாவது கையெழுத்து கேக்கறாங்களா. பாஸ்புக்க கடைசி ரெண்டு வருஷம் வரிவரியா பாக்கறது ஜூனியரோட வேலை. விபத்துனா அன்னைக்கே போய் பக்கத்துக் கடை கேமராவ கேக்கறோம், போலீஸுக்கும் எழுதிக் கொடுக்கறோம்.

உரிமைய விட்டுக்கொடுக்கற எந்தப் பத்திரமும், விட்டுக்கொடுக்கற ஆள நாங்க தனியா உக்கார வச்சுப் பேசாம டிராஃப்ட் கூட அடிக்கறதில்ல. அந்த ஜனவரி 24 விடுதலைப் பத்திரத்த நான் படிச்சுட்டு சரினு சொன்னத நெனச்சா இன்னைக்கும் மனசு உறுத்துது.

இந்தக் கட்ட பழைய ரெக்கார்டோட சேர்த்து கட்டி வைக்கல. பொண்ணோட டெபாசிட் முதிர்ற தேதி 2030ல வருது, பையனுக்கு 2034 ஆயிடும், அதுவரைக்கும் அலமாரி மேல்தட்டுல ரசீது காப்பியோட இருக்கட்டும்னு சீனியர் சொல்லிட்டாரு.